சுவிட்சுப் பெட்டி தானே முகவரி பெறும் ஏற்பாடு

சாலை, குடிநீர், மின்சாரம், பள்ளிக்கூடம் ஆகியவை கிராம முன்னேற்றத்திற்கு எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாததாக இன்று இணையத் தொடர்பும் ஆகிவிட்டது. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய அரசாங்கம் கண்ணாடி இழை வடத்தால் கிராமப் பஞ்சாயத்துக்களை இணைக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2015-இல் அத்திட்டம் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. நமது மாநிலத்தில் இப்பணிக்கெனத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் நிறுவப்பெற்று, 12,525 கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் தொடர்பு அளிப்பது குறிக்கோளாக வகுக்கப்பட்டது. வடம் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே கொண்டு செல்லப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 பஞ்சாயத்து ஒன்றியங்களும் இத்திட்டத்தில் அடங்கியவையே.

வடம் ஊரை வந்தடைவது பாதி வேலைதான். ஆற்றுக்கால் ஊர் எல்லை வரை வந்த பின்னரும், மடையும் கிளை வாய்க்காலும் ஒழுங்காக இல்லையேல் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். அதுபோன்று, வெளியிலுள்ள வடம் பழுதின்றி இருந்தும், காரியாலயத்திற்குள்ளே உள்ள கருவிகளின் முகவரிக் குழப்பத்தால் வேலை நின்றுவிடுவது உண்டு. நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பயிரிடும் விவசாயி விடியற்காலையில் பூப்பறித்து, சந்தைக்கு அனுப்பிய பின்னர் வீட்டு வரி செலுத்த வருகிறார். “இணைப்பு இல்லை, நாளை வாருங்கள்” என்னும் சொல் அவருக்கு அரை நாள் வேலையின் இழப்பாகும். கூலி வேலை செய்பவருக்கோ அது ஒரு நாள் கூலி. ஆதலின் இக்குழப்பம் எங்ஙனம் ஏற்படுகிறது, அதனைத் தவிர்ப்பது எப்படி என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

சுவிட்ச் என்பது யாது?

இங்கே சுவிட்ச் என்று நாம் குறிப்பது மின்விளக்கை ஏற்றி அணைக்கும் விசையன்று. எட்டு, பதினாறு அல்லது இருபத்து நான்கு வாய்களையுடைய ஓர் இணைப்புப் பெட்டியே நெட்வொர்க் சுவிட்ச் எனப்படும். காரியாலயத்திலுள்ள கணிப்பொறி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் வடங்கள் யாவும் இப்பெட்டியில் வந்து சேரும். ஒரு வாயில் நுழையும் செய்தியை அது எந்தக் கருவிக்கு உரியதோ அந்த வாய்க்கு அனுப்புவது இதன் தொழில்.

இப்பெட்டிகள் இருவகைப்படும். ஒருவகையில் வடங்களைச் செருகினாலே போதும். வேறு அமைப்பு ஏதும் இல்லை. அதற்கு முகவரியும் தேவையில்லை. மற்றொரு வகை நிர்வகிக்கத்தக்கது. எந்த வாய் வேலை செய்கிறது, எது பழுதாயிற்று, எதனை மூடுவது என்பவற்றைக் கணிப்பொறியின் வாயிலாகப் பார்த்து ஆளலாம். இவ்வாறு ஆளுவதற்கு அப்பெட்டிக்கென ஒரு முகவரி வேண்டும்.

ஒன்றை இங்கே நினைவில் இருத்துதல் வேண்டும். நிர்வகிக்கத்தக்க சுவிட்ச், தனக்கு முகவரி கிடைக்காவிடினும் மற்றக் கருவிகளின் செய்திகளைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். அதன் முகவரி அதனை நாம் பார்வையிடுவதற்கு மட்டுமே. தபால்காரரின் வீட்டு விலாசம் நமக்குத் தெரியாவிடினும் நம் கடிதங்கள் வந்துகொண்டிருப்பதைப் போன்றது இது.

முகவரி என்பது யாது?

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தபால் இலாகா பின்கோடு முறையை ஏற்படுத்தியது. காந்திகிராமத்திற்கு 624302 என்றும் சின்னாளபட்டிக்கு 624301 என்றும் எண்கள் உள்ளன. முதல் மூன்று இலக்கங்கள் பொதுவாக இருப்பதால் இரண்டும் ஒரே தபால் வட்டாரம் என்பதும், இறுதி இலக்கங்களால் அவை வெவ்வேறு ஊர்கள் என்பதும் விளங்கும்.

கணிப்பொறிகளின் ஐ.பி. முகவரியும் இத்தன்மையதே. அது 192.168.1.25 என்பது போன்று நான்கு பகுதிகளாக எழுதப்படும். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். சிறு காரியாலயங்களில் முதல் மூன்று பகுதிகள் தெருப் பெயர் போன்றவை. எல்லாக் கருவிகளுக்கும் அவை பொது. இறுதிப் பகுதி வீட்டு எண் போன்றது. ஒன்றுக்கு இருந்தது மற்றொன்றுக்கு இருத்தலாகாது. முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டிருத்தலின், ஒரு தெருவில் 254 கருவிகளே அமையலாம்.

இம்முறையில் உலகம் முழுவதற்கும் கிடைக்கும் முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. இத்தொகை பெரிதாகத் தோன்றினும் உலகத் தேவைக்குப் போதவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த இறுதித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆகவேதான் 192.168 எனத் தொடங்கும் முகவரிகளைப் போன்ற சிலவற்றை ஒவ்வொரு காரியாலயமும் தன் மதிலுக்குள்ளே சொந்தமாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு 1996 முதல் வழக்கில் இருந்து வருகிறது.

முகவரி தானே கிடைக்கும் முறை

ஒவ்வொரு கருவிக்கும் மனிதர் ஒருவர் சென்று எண்ணை எழுதிவைப்பது பழைய முறை. 1985-இல் இதனை எளிதாக்க ஒரு முறை தோன்றியது. எனினும் ஒவ்வொரு கருவியையும் முன்னதாகவே பட்டியலில் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. 1993-இல் டி.எச்.சி.பி. என்னும் முறை வகுக்கப்பட்டது. 1997-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன. இம்முறையில் முகவரி கொடுக்கும் கருவியை முகவரி வழங்கி என்போம். சிறு காரியாலயங்களில் பெரும்பாலும் ரூட்டர் என்னும் பெட்டியே இவ்வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

முகவரி நான்கு படிகளில் கைமாறுகிறது. புதிதாக இணைந்த கருவி, “இங்கே முகவரி தருவார் யாரேனும் உண்டோ?” என்று எல்லாருக்கும் கேட்குமாறு கூவும். முகவரி வழங்கி, “இந்த எண்ணைத் தருகிறேன்” என்று முன்வரும். கருவி, “இன்னாரிடமிருந்து இந்த எண்ணையே ஏற்கிறேன்” என மீண்டும் எல்லாரும் அறியக் கூறும். வழங்கி, “அவ்வாறே ஆகுக” என்று உறுதி செய்யும். மூன்றாம் படி எல்லாரும் அறியக் கூறப்படுவதற்குக் காரணம் உண்டு. வேறு வழங்கி ஏதேனும் எண் தர முன்வந்திருப்பின், அது தன் எண்ணை மீட்டுக்கொள்ள வேண்டுமன்றோ?

குத்தகைக் காலம்

இம்முறையில் கருவிக்குக் கிடைக்கும் எண் அதற்குப் பட்டா நிலமன்று. குறிப்பிட்ட காலத்திற்குரிய குத்தகையே. குத்தகை 24 மணி நேரமெனின், பாதிக் காலமாகிய 12 மணி கழிந்ததும் கருவி தன் வழங்கியிடம் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையேல், 21-ஆம் மணி முதல் எந்த வழங்கியேனும் புதுப்பித்துத் தருமா எனப் பொதுவாகக் கேட்கும். 24 மணி முடிந்தும் ஒருவரும் புதுப்பிக்காவிடில் எண்ணை விட்டுவிட வேண்டும். இதனால் ரூட்டர் சிறிது நேரம் நின்றுபோயினும், ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் தம் எண்களை உடனே இழப்பதில்லை. ஊரைவிட்டுப் போனவரின் எண்ணும் வீணே முடங்கிக் கிடப்பதில்லை.

எது ஏற்றது?

சுவிட்சுக்கு நிலையான எண்ணை எழுதிவைப்பதே நன்று எனக் கூறும் பொறியியலார் பலர் உளர். முகவரி வழங்கி நின்றுபோயினும் சுவிட்சைப் பார்வையிட இயலும் என்பது அவர்கள் கூறும் காரணம். பெரிய நிலையங்களுக்கு அது பொருந்தும். பஞ்சாயத்துக் காரியாலயத்தின் நிலைமை வேறு. அங்கே நிரந்தரப் பொறியாளர் இல்லை. ரூட்டர் பழுதுபட்டு வேறொன்று வைக்கப்பட்டால், புதியது 192.168.1 என்பதற்குப் பதிலாக 192.168.0 என்னும் தெருவை அமைத்துக்கொள்ளக்கூடும். பழைய எண்ணை இறுகப் பற்றிய சுவிட்ச் அப்போது நம் பார்வைக்கு எட்டாமல் போய்விடும். எண்ணை எழுதிவைத்தவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

தானே முகவரி பெறும் சுவிட்சோ, புதிய ரூட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அந்த எண் அடிக்கடி மாறாதிருக்க, ரூட்டரிலேயே “இந்தச் சுவிட்சுக்கு எப்போதும் இந்த எண்” என ஒதுக்கீடு செய்துவிடலாம். இவ்வாறு செய்தால் எல்லா எண்களின் கணக்கும் ஓரிடத்தில் இருக்கும். பஞ்சாயத்துக்கு இதுவே ஏற்ற முறை எனலாம்.

அமைக்கும் முறை

1. சுவிட்சின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சீட்டைப் பாருங்கள். எம்.ஏ.சி. என்னும் பெயரில் பன்னிரண்டு குறிகள் இருக்கும். இவை 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களும் ஆகும். இது அக்கருவியின் பிறவி அடையாளம். இதனையும், சீட்டிலோ கைப்புத்தகத்திலோ உள்ள தொழிற்சாலை முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சுவிட்சை ரூட்டருடன் இன்னும் இணைக்க வேண்டா. சில சுவிட்சுகளின் தொழிற்சாலை முகவரியும் ரூட்டரின் முகவரியும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒரு கணிப்பொறியை மட்டும் அதில் இணையுங்கள்.

3. தொழிற்சாலை முகவரி 192.168.0.1 எனின், கணிப்பொறிக்குத் தற்காலிகமாக 192.168.0.10 என எண் கொடுத்து, தெரு எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க் என்னுமிடத்தில் 255.255.255.0 என எழுதுங்கள். பின்னர் இணைய உலாவியில் சுவிட்சின் முகவரியைத் தட்டினால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும்.

4. முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பூட்டின் பெருமை அறிந்த நாம், ஊரார் அனைவரிடமும் ஒரே சாவி உள்ள பூட்டை விலை கொடுத்து வாங்குவோமா? தொழிற்சாலைக் கடவுச்சொல் அத்தகைய பூட்டே.

5. ஐ.பி. அமைப்புப் பக்கத்தில் ஸ்டாடிக் என்றிருப்பதை டி.எச்.சி.பி. என மாற்றிப் பதியுங்கள். உடனே பக்கம் செயலற்றுப்போகலாம். இது பழுதன்று, சுவிட்ச் தன் பழைய எண்ணை விட்டுவிட்டது என்பதற்கு அறிகுறி. இவ்விடத்தில் பலர் அஞ்சி, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பிவிடுகின்றனர், அது வேண்டா.

6. இப்போது சுவிட்சை ரூட்டருடன் இணையுங்கள். கணிப்பொறியையும் மறவாமல் தானாக முகவரி பெறும் நிலைக்கு மாற்றுங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில், முகவரி பெற்ற கருவிகளின் பட்டியல் இருக்கும். முன்னர் குறித்த பன்னிரண்டு குறிகளை அதில் தேடினால் சுவிட்சின் புதிய எண் தெரியும்.

7. அதே பக்கத்தின் ஒதுக்கீட்டுப் பகுதியில் சுவிட்சின் அடையாளக் குறிகளுக்கு எதிரே ஓர் எண்ணை நிலைப்படுத்துங்கள். பொதுக் கருவிகளுக்கு 100 முதல் 199 வரை விட்டிருப்பின், சுவிட்சுக்கு 10 என்பதை ஒதுக்கலாம். சில ரூட்டர்கள் ஒதுக்கும் எண்ணும் பொது வரம்பினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்னும். அங்ஙனமாயின் 100-ஐ ஒதுக்குங்கள்.

8. சுவிட்சை அணைத்து ஏற்றி, புதிய எண்ணில் அதன் பக்கத்தை மீண்டும் திறந்து, அமைப்பை நிரந்தரமாகச் சேமிக்குங்கள். சில பெட்டிகளில் மாற்றம் செய்வது ஒரு வேலை. அதனை நிலையாகப் பதிவது வேறொரு வேலை. பதியாமல் விட்ட அமைப்பு முதல் மின்தடையிலேயே மறைந்துவிடும். அணைத்து ஏற்றும்போதே சுவிட்ச் பழைய முகவரிக்குத் திரும்பிவிட்டால், பதிவு நிகழவில்லை என்று அறிந்து, 3-ஆம் படியிலிருந்து மீண்டும் செய்து, இம்முறை பதிந்த பின்னரே அணையுங்கள்.

கண்ணாடி இழை வடத்தின் முனையில் நிறுவனத்தார் வைத்துள்ள கருவி அவர்கள் பொறுப்பிலுள்ளது. அதன் அமைப்பைப் பஞ்சாயத்தார் மாற்றலாகாது. முகவரி வழங்கும் வேலையையும் அக்கருவியே செய்யுமாயின், சுவிட்சின் அடையாளக் குறிகளை எழுதிக் கொடுத்து, ஒதுக்கீட்டை அவர்களிடமே கேட்டுப் பெறுதல் முறை.

ஓர் ஏரிக்கு ஒரே நீர்பாய்ச்சி

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் மடையைத் திறப்பதும் முறைநீர் விடுவதும் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. ஓர் ஏரிக்கு இருவர் தத்தம் விருப்பப்படி மடை திறந்தால் என்ன நேரும்? ஒரு வயலுக்கு இருமுறை நீரும், மற்றொரு வயலுக்குப் பூசலுமே மிஞ்சும். முகவரி விஷயத்திலும் விதி இதுவே: ஒரு காரியாலயத்தில் முகவரி வழங்கி ஒன்றே இருத்தல் வேண்டும்.

இவ்விதி பெரும்பாலும் நல்லெண்ணத்தாலேயே மீறப்படுகிறது. அடுத்த அறையில் கம்பியில்லாத் தொடர்பு எட்டவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரூட்டர் ஒன்றைக் கொணர்ந்து சுவிட்சில் செருகிவிடுவார். அதனுள்ளும் ஒரு முகவரி வழங்கி உண்டு. அதுவும் எண்களை வழங்கத் தொடங்கும். சில கணிப்பொறிகள் சரியான தெருவிலும், சில வழியற்ற தெருவிலும் குடியேறும். காலையில் வேலை செய்த கணிப்பொறி மாலையில் நிற்கும். காரணம் எளிதில் விளங்காது. வடத்தைக் குறைகூறிப் புகார் எழுதுவர். வந்து பார்ப்பவர் வடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் செல்வார்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பழைய ரூட்டரை உபயோகிக்கத்தான் வேண்டுமெனின், அதன் டி.எச்.சி.பி. வேலையை முதலில் நிறுத்திவிட்டு, பின்னரே இணைக்க வேண்டும். மேலும், நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகள் பலவற்றில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்னும் காவல் ஏற்பாடு உண்டு. உண்மையான ரூட்டர் இணைந்துள்ள வாயை மட்டும் நம்பத்தக்கதாகக் குறித்துவிட்டால், வேறு வாய்களிலிருந்து எவர் எண் வழங்க முன்வந்தாலும் சுவிட்ச் அதனைத் தடுத்துவிடும்.

கிராம சபை நாளில்

நமது மாநிலத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டப்பெற வேண்டும் என ஏற்பட்டுள்ளது. அந்நாட்களில் பலர் காரியாலயத்தின் வைஃபை தொடர்பைத் தம் கைப்பேசிகளில் இணைக்க நேரலாம். வரம்பில் 100 எண்களே உள்ளன, குத்தகையோ 24 மணி என்று கொள்வோம். காலையில் வந்த 100 கைப்பேசிகள் எண்களைப் பெற்றுக்கொண்டபின், 101-ஆவது கருவிக்கு எண் இல்லை. முன்னவர்கள் வீடு திரும்பினாலும் குத்தகை முடியும்வரை எண்கள் விடுபடுவதில்லை. மறுநாள் காலையில் காரியாலயக் கணிப்பொறியே எண்ணின்றித் தவிக்கலாம். ஆதலின் பொதுமக்கள் தொடர்புக்குக் குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைப்பதும், காரியாலயக் கருவிகளுக்கு எண்களை ஒதுக்கி வைப்பதும் முன்யோசனையாகும். ரூட்டரில் விருந்தினர் வைஃபை எனத் தனி ஏற்பாடு இருப்பின், பொதுமக்களுக்கு அதனையே திறந்துவிடுதல் இன்னும் மேலானது.

பழுதைக் கண்டறிதல்

கணிப்பொறியின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், அது வழங்கியிடமிருந்து எண் பெறவில்லை. தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். ரூட்டருக்கு மின்சாரம் உண்டா, வடம் சரியாகச் செருகப்பட்டுள்ளதா, வரம்பில் எண்கள் எஞ்சியுள்ளனவா எனப் பாருங்கள்.

முகவரி வேறொரு தெருவைக் காட்டினால், இரண்டாவது வழங்கி ஒன்று நுழைந்திருக்கிறது. புதிதாக இணைக்கப்பட்ட பெட்டியைத் தேடுங்கள்.

எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் நின்று, சுவிட்சின் விளக்குகள் யாவும் இடைவிடாமல் வேகமாக மின்னினால், ஒரே வடத்தின் இருமுனைகளும் சுவிட்சிலேயே செருகப்பட்டிருக்கலாம். செய்தி சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். அவ்வடத்தை எடுத்துவிட்டால் தொடர்பு மீளும்.

மின்தடைக்குப்பின் சுவிட்ச் ரூட்டருக்கு முன்பே விழித்துக்கொண்டு, எண் கிடைக்காமல் தொழிற்சாலை முகவரிக்குத் திரும்புவதும் சிலவகைப் பெட்டிகளில் உண்டு. ரூட்டர் முழுமையாக இயங்கத் தொடங்கியபின் சுவிட்சை மட்டும் ஒருமுறை அணைத்து ஏற்றினால் சரியாகிவிடும். இரண்டையும் ஒரே யு.பி.எஸ். கருவியில் இணைத்துவைப்பது மேலும் நன்று.

பதிவேடு

எண்ணைச் சுவிட்ச் தானே பெற்றுக்கொள்ளும். ஆயினும் பொறுப்பு தானே வந்துவிடாது. ரூட்டர் மாறினால் அதிலிருந்த ஒதுக்கீடுகளும் அதனோடு போய்விடும். ஆகவே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் கருவியின் பெயர், அடையாளக் குறிகள், ஒதுக்கிய எண், இணைத்துள்ள வாய், அமைத்த நாள் ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தல் வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாது, உறையிலிட்டு முத்திரையிட்டுப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். அலுவலர் மாறும்போது சாவிகளையும் கணக்குகளையும் ஒப்படைப்பது போன்றே இவ்விரண்டையும் ஒப்படைக்கும் வழக்கம் ஏற்படுதல் வேண்டும்.

1956-இல் கிராமியக் கல்வி நிலையமாகத் தொடங்கி, 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற காந்திகிராமம் நம் சமவெளியிலேயே இருக்கிறது. அங்கே கணினிக் கல்வியும் கற்பிக்கப்படுகிறது. ஊருக்கு ஊர் இக்கல்வி பயின்ற இளைஞர்கள் இன்று இருக்கின்றனர். அவர்களுள் இருவரை அழைத்து, ஒரு பிற்பகலில் மேற்கூறிய எட்டுப் படிகளையும் பஞ்சாயத்து எழுத்தர் முன்னிலையில் செய்துகாட்டச் சொல்லலாம். நோட்டுப் புத்தகத்தின் விலையைத் தவிர வேறு செலவு இதற்கு இல்லை. மறுமுறை தொடர்பு நிற்கும்போது, வரி செலுத்த வந்த விவசாயியைத் திருப்பி அனுப்பாமல், கால்மணி நேரத்தில் பழுதைக் கண்டறிய அப்பதிவேடு துணை செய்யும்.

விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நமது காரியாலயத்தில் முகவரி வழங்கும் கருவி எது? அது ஒன்றுதானா?

2. நம் சுவிட்சின் எண்ணும் அடையாளக் குறிகளும் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளன?

3. அடுத்த கிராம சபை நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கைப்பேசிகள் இணைந்தால் காரியாலயக் கணிப்பொறிக்கு எண் எஞ்சியிருக்குமா?

4. எழுத்தர் விடுப்பில் இருக்கும் நாளில் தொடர்பு நின்றால், பதிவேட்டைப் பார்த்துச் செயற்படக்கூடியவர் ஊரில் எத்தனை பேர்?